பரண்மேல் பழுத்த வேண்டுதல்

ஷட்டரை இறக்கி விடுங்க சார். இது கொடைக்கானல் டவுன் குளிர் இல்லை, மேல்மலைக் குளிர். டவுன் குளிர் மேல உரசிட்டுப் போயிடும். இது உள்ள வந்து சம்மணம் போட்டு உக்காந்து டீ கேக்கும். எங்க வீட்டுல ஒரு மார்கழியில அடுப்பு நெருப்பே குளிர் தாங்காம இறங்கி வந்து பூனை பக்கத்துல சுருண்டு படுத்துக்கிச்சு. சிரிக்கிறீங்க. பூனை செத்துப்போச்சு, இல்லேன்னா சாட்சிக்குக் கூட்டிட்டு வந்திருப்பேன்.

வண்டி இப்போதைக்கு நகராது. முன்னாடி கேரட் லாரி ஒண்ணு பின்சக்கரத்தை ஓடைக்குள்ள விட்டுட்டு நிக்குது. மூட்டையை இறக்கணும், லாரியைத் தூக்கணும், மறுபடி மூட்டையை ஏத்தணும். நம்ம கண்டக்டர் வேற யோசனை சொல்ல இறங்கிப் போயிருக்கான். அதனால இன்னும் கொஞ்சம் லேட்டாகும்.

உருளைக்கிழங்குப் பண்ணைக்குத்தான போறீங்க? எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. மஃப்ளர் புதுசு, விலைச்சீட்டு இன்னும் பின்னாடி தொங்குது. மடியில ஃபைலு. மலைக்கு ஊர் சுத்த வர்றவன் ஃபைலோடவா வருவான்? மேலிடத்துல இருந்து விசாரணைக்கு ஆள் வருதுன்னு ஒரு வாரமா பண்ணையில இதே பேச்சுதான். நான் அங்க வாட்ச்மேன். பழனியாண்டின்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க. கூடவே, "அவன் சொல்றதுல பாதியைத் தள்ளுங்க, மீதியில பாதியை நம்புங்க"ன்னும் சொல்லுவாங்க. பொறாமை சார். சொல்லத் தெரியாதவனுக்குச் சொல்லத் தெரிஞ்சவன் மேல வர்ற பொறாமை.

ஜெபசீலி மேடம் விஷயமாத்தான வந்திருக்கீங்க? மாசியில விவசாயிங்களுக்குக் குடுக்க வேண்டிய உருளைக் கன்னு அத்தனையும் ஏன் கெட்டுது, யார் தப்புன்னு விசாரிக்க. தப்பு மேடம் மேலதான்னு ஆயிட்டா அவங்களை ராமநாதபுரம் பக்கம் ஏதோ உப்புத்தரைப் பண்ணைக்குத் தூக்கி அடிச்சிடுவாங்க, லேப்பையும் பூட்டிடுவாங்க. அதானே சேதி? நல்ல நேரம் பாத்து என் பக்கத்து சீட்டுல உக்காந்தீங்க. அங்க போனா ஆளுக்கு ஒரு கதை விடுவாங்க. நடந்ததை நடந்தபடி சொல்ல இந்த மலையில நான் ஒருத்தன்தான். எனக்கும் அந்தம்மா மேல ஒரு வருத்தம் இருக்கு. அதையும் உங்க காதுல போடணும்.

மேடத்துக்கு நாகர்கோவில் பக்கம். டாக்டர்னுதான் போர்டுல போட்டிருக்கு, ஆனா ஊசி போட மாட்டாங்க. வந்த புதுசுல முட்டிவலின்னு பாதி ஊரு லேப் வாசல்ல போய் நின்னுச்சு. அந்தம்மா மிரண்டு போய், "நான் செடிக்குப் படிச்சவ, ஆளுக்கு இல்ல"ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கையெடுத்துக் கும்பிட்டாங்க. அப்படியும் ரெண்டு பேர் தைலம் வாங்காம நகரலை.

அவங்க வேலை என்னன்னு உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் என் வாயால ஒருக்கா கேளுங்க. நோய் நொடி இல்லாத ஒரு உருளைச் செடியைத் தேடிப் பிடிச்சு, அதோட கொழுந்தைக் கிள்ளி, பாட்டிலுக்குள்ள ஜெல்லி மாதிரி ஒண்ணை ஊத்தி அதுல நட்டு வளர்க்கிறது. மண்ணு கிடையாது. மழை கிடையாது. வெயிலுக்குப் பதிலா டியூப் லைட்டு. வளர்ந்ததைத் துண்டு துண்டா நறுக்கி வேற வேற பாட்டில்ல வச்சா ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. இந்த மலைக்காரங்க பழைய விதைக்கிழங்கையே நட்டு நட்டு, நோய் ஏறி, போட்ட கிழங்கு திரும்ப வந்தாப் போதும்னு கிடந்தவங்க. மேடம் கன்னு தர்றேன்னு சொன்னதும் நிலத்தைக் கொத்திப் போட்டுட்டுக் காத்துக் கிடந்தாங்க.

அந்த ஜெல்லியில ஹார்மோன்னு ஒண்ணைக் கலப்பாங்க. ஒண்ணு தண்டை விடச் சொல்லும், இன்னொண்ணு வேரை விடச் சொல்லும். ஊசிமுனை அளவுதான். அதை நிறுக்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு தராசு. பக்கத்துல மூச்சு விட்டா நம்பர் ஓடும். ஒருநாள் நான் அங்க நின்னு சும்மா ஒரு கொட்டாவி விட்டேன், மூணு கிலோ காட்டுச்சு.

"அண்ணே, ஒரு பொடி கூடினாப் போச்சு"ம்பாங்க மேடம். "தண்டு ஹார்மோன் கூடிட்டுன்னா வேரே வராது. வேரு இல்லாத செடியை வெளிய கொண்டு வச்சா அன்னைக்கே சரிஞ்சிரும்."

"தெரியும் மேடம். சம்பளம் கூடின மாப்பிள்ளை மாதிரி. ஆளு தளதளன்னு இருப்பான், ஒரு இடத்துல கால் ஊனமாட்டான்."

"நீங்க ஒருத்தரு..."ன்னு சிரிப்பாங்க. அப்பல்லாம் என்கிட்ட சிரிச்சுத்தான் பேசுவாங்க.

பாட்டிலை எல்லாம் அடுக்கி வைக்க ஒரு ரூம் இருக்கு. இப்பப் போனீங்கன்னா பாப்பீங்க. மேல்மலை முழுக்க நடுங்கிக்கிட்டுக் கிடக்கும், அந்த ரூமுக்குள்ள மட்டும் எப்பவும் சித்திரை மாசம். கதவு இறுக்கமா மூடும். கொசு நுழையாது, காத்து நுழையாது. அதுக்கு ரெண்டு சாவி. ஒண்ணு மேடத்துகிட்ட, ஒண்ணு என்கிட்ட. லைட்டு எரியுதா, மெஷின் ஓடுதான்னு பாத்துக்கிறது என் டூட்டி. மழையில நனைஞ்சுட்டு அதுக்குள்ள போய் நின்னா, சொர்க்கத்துல இடம் காலி இல்லைன்னு சொன்னாலும் பரவாயில்லை, இங்கயே இருந்துக்கிறேன்னு தோணும்.

இதுக்கு நடுவுல என் சொந்தக் கதை ஒண்ணு வரும், பொறுத்துக்குங்க. வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு ஒரு தார் மலைவாழை குடுக்கிறது என் வழக்கம். பஞ்சாமிர்தத்துக்கு. தார் தாண்டிக்குடியில இருக்கிற என் சம்பந்தி தோட்டத்துது. அவரே பழுக்க வச்சுக் குடுத்திடுவார். இந்த வருஷம் அவருக்கும் எனக்கும் லேசா மனஸ்தாபம். அவர் நாய் சிறுத்தையை விரட்டுச்சுன்னார். நான் என் கோழி யானையை விரட்டுச்சுன்னேன். இதுல கோவிக்க என்ன சார் இருக்கு? மனுஷன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு, தாரைப் பச்சைக் காயா வெட்டி பஸ்ல போட்டு விட்டுட்டார்.

எங்க குளிர்ல வாழைக்காய் எங்க பழுக்கும்? வீட்டுல வச்சா அடுத்த தைப்பூசத்துக்குத்தான் பழுக்கும். யோசிச்சேன். மலையில கதகதப்பா ஒரே ஒரு இடம் இருக்கு, அதுக்குச் சாவி என் இடுப்புல இருக்கு. முருகன் வழிகாட்டாமலா? அந்த ரூம்ல ஏசி மெஷினுக்கு மேல ஒரு பரண். காலி அட்டைப்பெட்டியாப் போட்டு வச்சிருப்பாங்க. தாரைச் சாக்குல சுத்தி, பெட்டிக்குப் பின்னாடி ஏத்தி விட்டுட்டேன். சாமி காரியம், இதுக்கெல்லாம் மனு எழுதிப் போட முடியுமா?

சரி, அது கிடக்கட்டும். செடிக் கதைக்கு வர்றேன்.

அந்தச் சமயத்துலதான் செடிங்களுக்கு என்னமோ ஆச்சு. நெடுநெடுன்னு வளர்ந்துக்கிட்டிருந்தது அப்படியே நின்னுச்சு. இலை கடுகு கடுகா வந்துச்சு. தண்டு குட்டையாத் தடிச்சு, கொழுந்து தலையைத் தொங்கப் போட்டுச்சு. பெண்டாட்டி திட்டினவன் மாதிரி. மேடம் பாட்டிலை லைட்டுல தூக்கித் தூக்கிப் பாத்தாங்க. "எனக்கு ஒண்ணும் மனசிலாகல அண்ணே"ன்னாங்க. தண்டு ஹார்மோன் கூடிப்போச்சோன்னு அதைக் குறைச்சாங்க. வேர் ஹார்மோனைக் கூட்டினாங்க. தண்ணியை மாத்தினாங்க. ஜெல்லித் தூளை மாத்தினாங்க. தராசைக் கழட்டி ரிப்பேருக்கு அனுப்பினாங்க. அந்தக் கொட்டாவியைப் பத்தி நான் வாயே திறக்கலை. புதுசா நறுக்கி வச்சதும் அதே மாதிரி குட்டையா நின்னுச்சு.

எனக்கு லீவு கிடைக்கலை. "இப்பம் நீங்களும் போய்ட்டா எப்படி அண்ணே"ன்னு கேக்கிறாங்க, மாட்டேன்னு சொல்ல முடியுமா? தைப்பூசம் போச்சு. பரண்ல பழம் தங்கமாப் பழுத்துக் கிடக்கு, சாமிக்குன்னு வச்சதை எடுத்துத் திங்கவா முடியும்? அது பாட்டுக்கு இருந்துச்சு.

ஒருநாள் மேடம் மூக்கை உறிஞ்சிக்கிட்டே ரூம்ல சுத்தி வந்தாங்க. "அண்ணே, ஏதோ வாசம் வருதுல்லா?"

"உங்க ஹார்மோன் வாசம் மேடம்."

"ஹார்மோனுக்கு வாசம் கிடையாது."

"அப்ப முருகன் வந்துட்டுப் போயிருப்பார்."

அவங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க. முருகன் பேச்சுன்னா மரியாதையா ஒதுங்கிடுவாங்க.

அப்புறம் டைரக்டர் வந்தார். பாட்டில் பாட்டிலாப் பாத்தார். "என்னம்மா, உருளைக்கிழங்கு கேட்டா கீரை வளத்து வச்சிருக்க?"ன்னார். அந்தம்மா முகம் செத்துப்போச்சு. பங்குனி முடியறதுக்குள்ள நல்ல செடி காட்டலேன்னா லேப்பைப் பூட்டி உன்னை உப்புக்காத்துக்கு அனுப்பிடுவேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டுப் போனார். மேடம் அன்னைக்குச் சோத்து டப்பாவைத் திறக்கவே இல்லை. வெளிய கொத்திப் போட்ட நிலம், உள்ள குட்டைச் செடி, நடுவுல அந்தப் புள்ள. பாக்கச் சகிக்கலை சார்.

எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் ஒண்ணுதான். வீட்டுக்குப் போய் விபூதி பூசிக்கிட்டு வேண்டிக்கிட்டேன். "முருகா, தைப்பூசத்துக்கு வராத குத்தத்தை இந்தச் செடி மேல காட்டாத. காப்பாத்திக் குடு. பங்குனி உத்திரத்துக்கு இன்னொரு தாரும் சேர்த்துத் தர்றேன்."

என் வீட்டுக்காரி மாராயி அடுப்படியில இருந்தே சொன்னா: "நீ சும்மா இரு. நீ வேண்டிக்கிட்டா நல்லா இருக்கிறதும் நட்டுக்கும்."

அவ வாய் அப்படி. சம்பந்திகிட்டப் போய், உங்க நாய் விரட்டினது சிறுத்தை இல்லை, புலியேன்னு ஒத்துக்கிட்டேன். மனுஷன் குளுந்து போயிட்டார். அடுத்த தாரைப் பரண்ல ஏத்தினேன். செடி இன்னும் மோசமாச்சு. ஆகா, முருகனுக்கு இது போதலை போலன்னு வேண்டுதலைக் கூட்டினேன். இன்னொரு தார் ஏத்தினேன். செடிக்கு இருந்த கடுகு இலையும் மஞ்சளாச்சு. நானும் விடலை. அவர் சோதிக்கச் சோதிக்க நான் ஏத்திக்கிட்டே இருந்தேன். பரண் முனக ஆரம்பிச்சுடுச்சு சார். யாருகிட்ட? பழனியாண்டிகிட்டயா?

இருமலா சார்? மஃப்ளரை வாயில வச்சுக்கிட்டுக் குலுங்குறீங்களே. தண்ணி தரட்டுமா? வேண்டாமா? சரி.

லாரியைத் தூக்கிட்டான் பாருங்க. வண்டி கிளம்பிடுச்சு. பரவாயில்லை, பண்ணை வர்றதுக்குள்ள முடிச்சிடுவேன்.

பங்குனி உத்திரம் நெருங்குச்சு. இந்தத் தடவை லீவு கேக்கலை, போறேன்னு சொல்லிட்டேன். மேடம் எங்கயோ பாத்துக்கிட்டுத் தலையாட்டினாங்க. அவங்க டீ குடிக்கப் போன நேரமாப் பாத்துத் தாரையெல்லாம் இறக்கிச் சாக்குல கட்டி, கேரட் ஜீப்புல ஏத்திட்டேன். பரணைக் காலி பண்ணிட்டேன். ஜீப்பு பூரா வாசம். வழியில குரங்குங்க ரோட்டை மறிச்சு நின்னுச்சு. "முருகனுக்குப் போகுது"ன்னு ஒரு சத்தம் போட்டேன். ஒதுங்கி, கன்னத்துல போட்டுக்கிட்டு வழிவிட்டுச்சு. டிரைவரைக் கேளுங்க. அவன் இப்ப துபாய் போயிட்டான்.

பழனியில குடுத்தேன். என் கண்ணு முன்னாடியே உரிச்சுப் பிசைஞ்சாங்க. தைப்பூசத் தார் கறுத்துக் களிம்பாப் போயிருந்துச்சு, அதை மட்டும் வேண்டாம்னு ஒதுக்கினாங்க. கோயில் மாட்டுக்குக் குடுத்தேன். அதுவும் அவர் வீட்டு ஆளுதானே. மனசார அழுதேன் சார். "அந்தப் புள்ள வேற சாமி கும்பிடுது, அதை மனசுல வச்சுக்காத"ன்னு சொன்னேன். மலையேறி இறங்கி, மச்சினன் வீட்டுல ரெண்டு நாள் தங்கி, பஞ்சாமிர்த டப்பாவோட திரும்பி வந்தேன்.

வந்து ரூம் கதவைத் திறந்தா... முருகா! செடி எல்லாம் தலையைத் தூக்கிட்டு நிக்குது. கொழுந்து நிமிர்ந்து, புது இலை விரிஞ்சு, பச்சைப் பசேல்னு. பாட்டிலுக்குள்ள அத்தனையும் கை தூக்கி அரோகரா போடுது. எனக்கு உடம்பு புல்லரிச்சுப் போச்சு.

மேடம் தரையில உக்காந்திருந்தாங்க. பக்கத்துல பரண்ல இருந்து இறக்கின அட்டைப்பெட்டி. கையில என் சாக்கு. நான் அவசரத்துல ஒண்ணை விட்டுட்டுப் போயிருக்கேன், அதுல ஒரு கறுத்த பழம் ஒட்டிக்கிட்டிருக்கு. அந்தம்மா அதையே பாத்துக்கிட்டிருந்தாங்க.

"அண்ணே, இது உங்களுதா?"

"ஆமா மேடம். சாமி பழம். பிரசாதம் கொண்டு வந்திருக்கேன், கையை நீட்டுங்க."

கையை நீட்டலை. "எப்பம் ஏத்தினிய?"

"தை பொறந்ததும் மேடம்."

கண்ணை மூடிக்கிட்டாங்க. "எப்பம் எடுத்துட்டுப் போனிய?"

"போன செவ்வாய்க்கிழமை."

"செடி புதன்கிழமையில இருந்து நிமிருது அண்ணே."

"பாத்தீங்களா! பழனி எவ்வளவு தூரம்! செவ்வாய்க்கிழமை மலையை விட்டு இறங்குது பழம், புதன்கிழமை வேலையைத் தொடங்கிட்டார் முருகன். தந்தி கூட அவ்வளவு வேகமாப் போகாது மேடம்."

அந்தம்மா சிரிச்சாங்களா அழுதாங்களான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடலை. ரெண்டும் கலந்து வந்துச்சு. தலையில கையை வச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க, கண்ணுல தண்ணி கொட்டுது. பக்தி வந்தா அப்படித்தான் இருக்கும்னு நானும் விட்டுட்டேன்.

அப்புறம் ஒரு கதை சொன்னாங்க சார். அதை நீங்க கேக்கணும். தண்டுக்கும் வேருக்கும் மட்டும்தான் ஹார்மோன்னு நினைக்காதீங்க, காத்தாவே ஒரு ஹார்மோன் இருக்குங்கிறாங்க. பேரு எத்திலீனாம். பழுக்கிற பழம் அதை மூச்சா விடுமாம். கண்ணுக்குத் தெரியாதாம். மூடின ரூம்ல அது சேர்ந்து, பாட்டில் மூடி இடுக்கு வழியா உள்ள போச்சுன்னா உருளைச் செடி வளராம இலை சிறுத்துக் குட்டையாப் போயிடுமாம். பழத்தை எடுத்துட்டா, பொழைச்சது நிமிர்ந்திடுமாம்.

நான் விடாத ரீலா சார்? இந்த மலையில கதை சொல்றதுல என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்ட நானே இதைச் சொல்லத் துணிய மாட்டேன். பழம் மூச்சு விடுதாம், கிழங்குச் செடிக்கு மயக்கம் வருதாம்! வாழைத்தாரைப் பழுக்க வைக்கப் புகைமூட்டம் போட்டே வளந்தவன் நான். பழுத்ததைக் காயோட வச்சா காய் பழுக்கும், அது பச்சைப் புள்ளைக்கும் தெரியும். ஆனா அது பழத்துக்கும் காய்க்கும் உள்ள உறவு. உருளைக்கும் வாழைக்கும் என்ன உறவு? குலம் வேற, கோத்திரம் வேற, ஒண்ணு மண்ணுக்குக் கீழ, ஒண்ணு மேல. பாவம், நம்ம சாமி செஞ்சதை அந்தம்மாவால ஒத்துக்க முடியலை. அவங்க படிச்ச படிப்பு விடலை. பதிலுக்கு நானும், ஒருதடவை பலாப்பழம் குறட்டை விட்டு ஊரே தூங்கலைன்னு ஒண்ணை எடுத்து விட்டேன். எழுந்து போயிட்டாங்க.

நல்லா வந்த செடியை எல்லாம் வலைக்கூடாரத்துக்குக் கொண்டு போனாங்க. அதுலதான் சார் உசுரே இருக்கு. பாட்டில்ல வளர்ந்தது வெளிக்காத்துல பொழைக்கணும். வேர்ல ஹார்மோன் பொடியைத் தொட்டு, தேங்காய் நார்த்தூள்ல நட்டு, ஒவ்வொண்ணு மேலயும் டீக்கடை பிளாஸ்டிக் டம்ளரைக் கவுத்து வச்சாங்க. எதுக்கு மேடம் குல்லான்னு கேட்டேன். "பாட்டில்ல சொகமா வளந்த செடி அண்ணே. இலையில இருக்கிற பொடி வாயை இதுக்கு மூடவே தெரியாது. திறந்த வாய் வழியா உள்ள இருக்கிற தண்ணியெல்லாம் போய் வாடிரும். கொஞ்சம் கொஞ்சமா வெளிக்காத்துக்குப் பழக்கினாத்தான் வாயை மூடப் படிக்கும்"னாங்க. செடியைப் பத்திச் சொல்லும்போது என்னை எதுக்குப் பாத்தாங்கன்னு தெரியலை.

டம்ளரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாத் தூக்கி வச்சாங்க. நான் ஒவ்வொரு தட்டுக்கும் பழனி விபூதி போட்டேன். பொழைச்சுது சார். டம்ளரை மொத்தமா எடுத்த அன்னைக்கு மேல்மலைக் காத்து வீசிப் பாத்துச்சு, ஒண்ணு கூட தலை சாயலை. ஆனா ரொம்ப லேட்டு. விவசாயிங்களுக்குச் சொன்னதுல பாதிதான் குடுக்க முடிஞ்சுது. அதுக்குத்தான டைரக்டர் மறுபடி வந்து குதிச்சார்.

இங்கதான் சார் என் வருத்தம். நல்லாக் கேளுங்க.

டைரக்டர் கேக்கிறார்: "முதல் செட்டு ஏன் கெட்டுது? இந்த ரூம்ல யார் யார் போவீங்க? சாவி யார்கிட்ட?" நான் ஒரு அடி முன்னாடி வந்தேன். சாவி, தார், பரண், பழனி எல்லாத்தையும் வரிசையாச் சொல்லி, செடியைக் காப்பாத்தினது யாருன்னு சபையில வைக்கலாம்னு வாயைத் திறக்கிறேன், இந்தம்மா குறுக்க பாய்ஞ்சாங்க. "சாவி என்கிட்ட மட்டும்தான் சார். ரூம் காத்தை நான் கவனிக்காம விட்டுட்டேன். என் தப்புதான்."

என்ன அநியாயம் பாருங்க! என் இடுப்புல சாவி தொங்குது, இல்லவே இல்லைங்கிறாங்க. நான் "சார்..."ன்னேன். "பழனியாண்டி அண்ணே, சாருக்கு டீ"ன்னு என்னை விரட்டி விட்டாங்க. டீயோட வந்தா டைரக்டர் கார்ல ஏறிட்டார். போகும்போது, "அந்த ஆள் கான்ட்ராக்டுதானே? அவன் ஏதாவது செஞ்சிருந்தா சொல்லு, இன்னைக்கே சீட்டைக் கிழிச்சிடறேன்"னு கேட்டுட்டுப் போனாராம். கேண்டீன் ஆளு சொன்னான். அதுக்கும் இந்தம்மா, "அவருக்கு ஒண்ணும் தெரியாது சார்"னாங்களாம். எனக்கு ஒண்ணும் தெரியாதாம்! பரண் முனகற அளவுக்குப் பாடுபட்டவனுக்கு ஒண்ணும் தெரியாதாம்!

மறுநாளே சாவியை வாங்கிக்கிட்டாங்க. லேப் வாசல்ல புதுசா ஒரு போர்டு, பழம் எதுவும் உள்ள கொண்டு வரக்கூடாதுன்னு. எலுமிச்சம்பழம் கூடக் கூடாதாம். தினமும் என் சோத்துப் பையை அந்தம்மாவே திறந்து பாக்கிறாங்க. போன வாரம் மாராயி ஊறுகாய் வச்சு விட்டிருந்தா, அதையும் ரெண்டு நிமிஷம் யோசிச்சிட்டுத்தான் விட்டாங்க. "உங்க நல்லதுக்குத்தான் அண்ணே"ன்னு வேற சொல்றாங்க. மாராயிகிட்ட இதை எல்லாம் சொன்னா, அவ என்னையே ஒரு மாதிரி பாக்கிறா. "அந்தப் புள்ள கால்ல விழுந்து கும்பிடு"ங்கிறா. நான் எதுக்கு சார் விழணும்? முருகனைக் கூட்டிட்டு வந்தவன் நான்.

இந்தப் பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டு என்ன பெருமை வேண்டிக் கிடக்கு? ராமநாதபுரம் போறதுக்கு அவ்வளவு ஆசையா? அந்த வெயில்ல அந்தப் புள்ள கருவாடாக் காஞ்சிடும். அங்க உருளையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. இந்த மலைக்காரங்க இப்பத்தான் நல்ல கன்னைக் கண்ணுல பாத்திருக்காங்க. அதைவிட முக்கியம், எனக்கு வர வேண்டிய பேரு போச்சு.

அந்தா, யூக்கலிப்டஸ் மரத்துக்குக் கீழ தெரியுதே, அதுதான் கேட்டு. இறங்கப் போறோம். ஃபைலை மழையில நனையாம உள்ள வச்சுக்குங்க. ஒரே ஒரு உதவி சார். உள்ள போனதும் அந்தம்மா "என் கவனக்குறைவு"ன்னுதான் ஆரம்பிக்கும். பிடிவாதக்காரி, லேசுல மாறாது. விடாதீங்க. சாவி பழனியாண்டிகிட்ட இருந்துச்சு, தாரை ஏத்தினதும் பழனியாண்டி, இறக்கினதும் பழனியாண்டி, இதுல உங்களுக்கு எந்தப் பங்கும் கிடையாதும்மான்னு எல்லார் முன்னாடியும் சத்தமாச் சொல்லுங்க. டைரக்டருக்கும் அப்படியே எழுதி அனுப்புங்க. அந்தாளு என் சீட்டைக் கிழிச்சாக் கிழிச்சுக்கட்டும், எனக்குப் பழனியில பழம் உரிக்கிற வேலை கூட உண்டு. நீங்க அதைப் படிச்சுச் சொல்லும்போது நான் பக்கத்துல நிக்கணும் சார். அந்தம்மா முகம் போற போக்கை நான் பாக்கணும்.